“புண் வந்தால் வாங்க”: அப்பாவின் பாதத்தைக் காட்ட மூன்று நடை

அப்பாவின் வலது கட்டைவிரலுக்குக் கீழே இருந்த காய்ப்பைத் தாதி மெல்ல மெல்லச் சீவினார். உள்ளே மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. “காய்ந்த ரத்தம். இப்படியே நடந்துகொண்டிருந்தால் உள்ளுக்குள்ளேயே புண்ணாகியிருக்கும்” என்றார். அப்பாவுக்கு அந்த இடத்தில் வலியே இல்லை. அந்த அறைக்குள் போய்ச் சேர எங்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்பா மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டத்தில் 30 ஆண்டுகள் குலை வெட்டியவர். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. போன தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் வெயிலில் வெறுங்காலோடு நடந்தார். இனிப்பு நீரால் கால் மரத்துப்போயிருந்ததால், உள்ளங்காலில் கொப்புளம் வந்து உடைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். அது ஆறியதும் நாங்கள் மறந்துவிட்டோம். அப்புறம்தான் இந்தக் காய்ப்பு. கால் ஆணிக்கு விற்கும் பிளாஸ்டரை வாங்கி ஒட்டிக்கொண்டார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அதில் உள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும். பிளேடால் சீவுவதும் வேண்டாம்.

முதல் நடை ஒரு செவ்வாய்க்கிழமை. அரசாங்கக் கிளினிக்கில் நம்பர் எடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “அடா லுக்கா?” என்றார். புண் இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை, காய்ப்பு இருக்கிறது என்றேன். “புண் வந்தால் வாங்க” என்று அடுத்த நம்பரை அழைத்துவிட்டார். புண் வராமல் இருக்கத்தானே வந்திருக்கிறோம்! அப்பா ஒன்றும் பேசாமல் மோட்டாரில் ஏறி உட்கார்ந்தார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இரண்டாம் நடையில் தப்பு எங்கள் பக்கம். கிளினிக்கில் இனிப்பு நீர் விவரங்களை எழுதும் பச்சைப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டோம். ஆனாலும் அன்று ஒரு நல்லது நடந்தது. மருந்து வாங்கும் இடத்தில் நின்ற ஒரு அக்கா, “இனிப்பு நீர் தாதி புதன்கிழமை காலையில் மட்டும்தான் பாதம் பார்ப்பாங்க. நேரா அவங்களைக் கேளுங்க, ‘பெமெரிக்சான் காக்கி’ன்னு சொல்லுங்க” என்றார். மலாயில் பாதப் பரிசோதனை என்று அர்த்தம். கவுண்டரில் யாரும் இதைச் சொல்லவில்லை. உங்கள் கிளினிக்கில் வேறு நாளாக இருக்கலாம், போகுமுன் போன் செய்து கேளுங்கள்.

மூன்றாம் நடையில்தான் அந்தத் தாதியைப் பார்த்தோம். இனிப்பு நீர் நோயாளிகளைப் பார்ப்பதற்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர். “அங்கிள், செருப்பைக் கழற்றுங்க” என்று சொல்லிவிட்டு, அவரே குனிந்து காலுறையை உருவினார். 14 ஆண்டுகளில் அப்பாவின் விரல் இடுக்கை ஒருவர் விரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க, அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். அப்புறம் நைலான் நரம்பு மாதிரி ஒரு இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அதைப் பாதத்தில் ஒவ்வோர் இடமாக வைத்து எடுத்தார். “படும்போது சொல்லுங்க அங்கிள்.” அப்பா சொல்லவே இல்லை. பத்து இடத்தில் மூன்றில்தான் “ஆமாம் மிஸ்ஸி” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முள் குத்தினாலும் தெரியாத காலோடு இவர் இத்தனை நாளும் வெறுங்காலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

காய்ப்பைச் சீவி, தடித்த நகத்தை நேராக வெட்டிவிட்டார். மூலையை வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் போகும் என்றார். டாக்டரிடம் சொல்லி, பெரிய மருத்துவமனைக்குக் கடிதமும் அன்றே வாங்கிக் கொடுத்தார். அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

அவர் சொன்னதில் எங்கள் வீட்டில் அதிகம் உதவியது செருப்பு விஷயம். அட்டையில் பாதத்தை ஊன்றி வரைந்து வெட்டி, கடைக்கு எடுத்துப்போய் ஷூவுக்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தால், அப்பா போட்டிருந்த ஷூ ஒரு விரல் அகலம் குறைவு! காய்ப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது ராத்திரியில் அம்மா கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். எண்ணெய் தேய்த்தாலும் விரல் இடுக்கில் படாமல் பார்த்துக்கொள்கிறார். ஈரம் தங்கினால் தோல் ஊறிப் பிளந்துவிடும். கால் கழுவும் தண்ணீரின் சூட்டை அப்பா காலால் பார்ப்பதில்லை, அம்மா முழங்கையால் பார்த்துச் சொல்கிறார்.

போன புதன்கிழமை திரும்பப் போனோம். கறுப்புப் புள்ளி போய்விட்டது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லிப் புத்தகத்தில் தேதி எழுதித் தந்திருக்கிறார். அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் அழைத்துப் போகிறேன். அவருக்கு எட்டு ஆண்டுகளாக இனிப்பு நீர், இதுவரை பாதத்தை யாரும் பார்த்ததில்லை.