இனிஷியல் மாறியதால் சிதறிய ஆய்வுத் தாக்கம்: ஒரு விருதுக் கோப்பின் அனுபவம்

பக்கவாதத்தால் செயலிழந்த கைகளின் இயக்கத்தை மீட்பதற்காகவே தம் பணிக்காலம் முழுவதையும் செலவிட்ட எங்கள் பேராசிரியையை வாழ்நாள் சாதனை விருது ஒன்றுக்குப் பரிந்துரைக்கத் துறையில் முடிவு செய்தோம். அவருடைய ஆய்வுத் தாக்க அறிக்கையைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கோப்பு சென்ற வாரம்தான் ஒருவழியாக ஏற்கப்பட்டது. இதே வேலையில் இறங்கவிருக்கும் இயன்முறை மருத்துவத் துறை நண்பர்கள் நான் அலைந்த அலைச்சலை அலையக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கட்டுரைப் பட்டியல், பணிச் சான்று, துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவை எளிதாகக் கிடைத்துவிட்டன. சிக்கல் எச்-இன்டெக்ஸில் தொடங்கியது. ஒருவரின் எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்லும் எண் அது. சுற்றறிக்கையில் ‘எச்-இன்டெக்ஸ் குறிப்பிடவும்’ என்று இருந்ததே தவிர, அதை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற கட்டணத் தரவுத்தளங்களிலிருந்து எடுப்பதா, இலவசமான கூகுள் ஸ்காலரிலிருந்தா என்ற விவரம் இல்லை. மூன்றும் மூன்று எண்களைக் காட்டும். ஆய்வேடுகளையும் பிற ஆவணங்களையும் சேர்த்து எண்ணுவதால் கூகுள் ஸ்காலரில் பெரும்பாலும் எண் கூடுதலாக இருக்கும். அந்த அச்சுப்படியுடன் போன என்னை, கட்டணத் தரவுத்தளத்தின் எண்தான் வேண்டும், அதிலும் தன்மேற்கோள்களை (தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டியவற்றை) நீக்கி நூலகரின் முத்திரையுடன் வேண்டும் என்று சொல்லி அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதிவரை, தன்மேற்கோள் சேர்த்தா நீக்கியா என்பவற்றை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நூலகத்தில் தேடியபோதுதான் உண்மையான இடி விழுந்தது. திருமணத்துக்கு முன் தந்தையின் இனிஷியலோடும் பின்னர் கணவரின் இனிஷியலோடும் எழுதியவர் அவர். சில இதழ்கள் இனிஷியலை முன்னால் போட்டிருந்தன, சில பின்னால் போட்டிருந்தன, ஓர் இதழ் தந்தையின் பெயரையே விரித்துக் குடும்பப் பெயராக்கியிருந்தது. இதனால் ஒரே ஆய்வாளர் பல தனித்தனி ஆசிரியர் கணக்குகளாகச் சிதறிக் கிடந்தார். எச்-இன்டெக்ஸ் இப்படிச் சிதறும்போது எவ்வளவு அடிபடும் என்பதைப் பலர் உணர்வதில்லை. தலா பத்து மேற்கோள் பெற்ற பத்துக் கட்டுரைகள் ஒருவர் பெயரில் இருந்தால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 10. அதே கட்டுரைகள் ஐந்தைந்தாக இரண்டு கணக்குகளில் பிரிந்து கிடந்தால் ஒவ்வொன்றிலும் 5தான் வரும், அதற்கு மேல் வர வழியே இல்லை. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லாத தமிழர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாமலேயே நடந்துகொண்டிருக்கிறது.

கணக்குகளை இணைக்கும்படி விண்ணப்பிப்பது கட்டணமில்லாத வேலைதான். பொறுமை மட்டும் வேண்டும். ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்தையும் திறந்து, பணியிடம், இணை ஆசிரியர்கள், மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட பிறகே ‘இது இவருடையது’ என்று குறித்தோம், ஏனெனில் அதே பெயரும் இனிஷியலும் கொண்ட வேறொரு பொறியியல் ஆசிரியரின் கட்டுரைகளும் நடுவே கலந்திருந்தன. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்த அடையாளம் தரும், 2012 முதல் இயங்கிவரும் ஆர்கிட் (ORCID) எண்ணை முன்பே பெற்றிருந்தால் இந்த வேலையில் பாதி குறைந்திருக்கும். 16 இலக்கம் கொண்ட அந்த எண்ணை இலவசமாகப் பெறலாம், பழைய பெயர் வடிவங்களையும் அதில் பதிந்து வைக்கலாம். திருமணத்துக்கு முன்னும் பின்னும் எழுதியவர் ஒருவரே என்பதற்கு அலுவலகம் தனியாக ஆதாரம் கேட்டது. நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தையும் திருமணப் பதிவுச் சான்றின் நகலையும் இணைத்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள்.

இத்தனைக்குப் பிறகு எண் உயர்ந்தது உண்மை. ஆனால் அந்த எண் அவருடைய உழைப்பின் பயனைச் சொல்லவில்லை என்பதே என் மனக்குறை. நரம்பியல் மறுவாழ்வில் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் தோன்றும் வலிக்காக உருவாக்கிய, நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி மற்றக் கையும் அசைவதாகத் தோன்றச் செய்யும் கண்ணாடிப் பெட்டி முறையைப் பக்கவாதத்துக்குப் பயன்படுத்திப் பார்த்து, 1999இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில் பங்கேற்றவர்கள் வெறும் 9 பேர். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இந்தச் சிகிச்சை பற்றிய 62 ஆய்வுகளைச் சேர்த்தது. பங்கேற்பாளர்கள் மொத்தம் 1,982 பேர், அதாவது ஆய்வு ஒன்றுக்குச் சராசரியாக முப்பத்திரண்டு பேர். இத்தகைய சிறு ஆய்வுகள் ஒன்றுசேர்ந்துதான் சிகிச்சை நெறிமுறைகளுக்கு அடிப்படையாகின்றன. நெறிமுறை எழுதுபவர்களோ தொகுப்பாய்வை மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குள் அடங்கிய சிறு ஆய்வின் கணக்கில் ஒரு மேற்கோள்கூடக் கூடுவதில்லை. எங்கள் பேராசிரியையின் ஆய்வொன்றும் இப்படி ஒரு தொகுப்பாய்வுக்குள் இருந்ததைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தையும் அதை ஏற்ற நெறிமுறையின் பக்கத்தையும் இணைத்தேன்.

“இதுக்குப் படிவத்துல கட்டம் இல்லீங்க சார், நம்பர் மட்டும் இருந்தா போதும்” என்று சொல்லிப் பிரிவு எழுத்தர் அந்தத் தாள்களை உருவி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பலன் இல்லை என்று நிறுவிய ஆய்வுகளின் மதிப்பையும் எந்தக் கட்டமும் காட்டாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017இல் லான்செட்டில் வெளியான அட்டெண்ட் ஆய்வு, வீட்டாருக்குப் பயிற்சி அளித்து அவர்கள் மூலமே மறுவாழ்வுச் சிகிச்சை தருவதால் ஆறு மாத முடிவில் இறப்போ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை என்று காட்டியது. சோர்ந்து போன குடும்பங்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றும் முன் யோசிக்க வைத்த முடிவு அது.

அந்தத் தாள்களை நான் விடவில்லை. படிவத்தில் ‘இதர விவரங்கள்’ என்று ஒரு வரி இருந்ததைக் காட்டி, ‘இணைப்பு காண்க’ என்று அதில் எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்ணிட்டு, அவர் வகுத்த கைப்பயிற்சி முறையை இன்றும் பின்பற்றும் மருத்துவமனைகளின் கடிதங்களையும் சேர்த்து, நேராகப் பதிவாளரிடம் கொண்டு போனேன். அவர் இணைப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கோப்போடு சேர்க்கும்படி எழுதிக் கையொப்பமிட்டார். மருத்துவமனைக் கடிதங்களைக் கேட்கும்போது வெறும் பாராட்டாக வாங்காதீர்கள். எந்தப் பயிற்சி, எந்த ஆண்டிலிருந்து, எந்தப் பிரிவில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவாளர் நின்று படித்தது அத்தகைய கடிதங்களைத்தான்.