கண்ணாடியில் ஒரு புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

தரையிறங்கிவிட்டோம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

மார்ச் 5, புதன்

காலையில் என்னையும் கேப்டனையும் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 6,000 அடியிலிருந்து 4,000 அடிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம், வேகம் 250 நாட், ஆட்டோபைலட் இயங்கிக்கொண்டிருந்தது, விமானத்தை ஓட்டும் பொறுப்பு என்னிடமும் வானொலிப் பேச்சு கேப்டனிடமும் இருந்தன. ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று டீகாஸின் குரல், அதாவது அருகில் வரும் விமானங்களைப் பற்றி எச்சரிக்கும் கருவியின் குரல், ஒலித்தது. திரையில் மஞ்சள் வட்டம் ஒன்று தோன்றியது. அதன் பக்கத்தில் உயரத்தைக் காட்டும் எண் இல்லை. நிமிர்ந்தபோது சற்று வலப்புறமாக எதிரே ஒரு சிறிய விமானத்தைக் கண்டேன், ஆட்டோபைலட்டைத் துண்டித்து மேலே இழுத்தேன், அது எங்களுக்குக் கீழே கடந்து போயிற்று.

ஒவ்வொரு வாக்கியமும் உண்மைதான்.

பின்பகுதியில் நின்றுகொண்டிருந்த பணிப்பெண்ணுக்கு வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

தொலைபேசி ஓயவில்லை. கழுகுக் கண் என்கிறார்கள். உடன் படித்த ஒருவன், அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் டீகாஸ் சொல்லட்டும் என்று காத்திருந்திருப்பேன் என்றான். அவனுக்குத் தெரியாதா என்ன, அது சொல்லியிருக்கவே சொல்லியிருக்காது என்று? எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர், அதாவது பதில் சமிக்ஞை அனுப்பும் கருவி, உயரத்தையும் அனுப்பினால்தான் ‘ஏறு’ அல்லது ‘இறங்கு’ என்ற கட்டளை பிறக்கும்; உயரம் வராவிட்டால், ஏதோ ஒன்று அருகில் இருக்கிறது என்று எச்சரிப்பதோடு கருவியின் வேலை முடிந்துவிடும். டிரான்ஸ்பாண்டரே அணைந்திருந்தால் அந்த எச்சரிக்கையும் கிடையாது. கட்டளை வந்திருந்தால் யோசனைக்கே இடமில்லை: 5 வினாடிக்குள் கீழ்ப்படிய வேண்டும், தரையிலிருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் கருவி சொன்னதையே செய்ய வேண்டும். 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு விமானம் கருவியைக் கேட்டது, மற்றொன்று கட்டுப்பாட்டாளரைக் கேட்டது. இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள்.

வெறும் மஞ்சள் வட்டத்தை நம்பி விமானத்தைத் திருப்பக் கூடாது என்பதும் விதிதான். ஆகவே நான் இழுத்ததற்கு ஒரே நியாயம் என் கண். எப்போது பார்த்தீர்கள் என்றுதான் கேட்கப்போகிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

அன்றிரவே கண்ணாடியைத் துடைத்துவிட்டார்களாம்.

மார்ச் 9, ஞாயிறு

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். குரல் ஒலிப்பதற்கு முன்பே அதை நான் பார்த்திருந்தேன்.

முன்கண்ணாடியில், என் பார்வைக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாக, மங்கலான ஒரு புள்ளி இருந்தது. ஏதோ பூச்சி மோதிச் செத்த கறை என்று நினைத்தேன். தாழ்வான உயரங்களில் பறக்கும்போது இத்தகைய கறை படிவது சாதாரணம். தரையிறங்கியதும் துடைக்கச் சொல்ல வேண்டும் என்றுகூட மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். பிறகு வேகத்தைப் பார்த்தேன், உயரத்தைப் பார்த்தேன், மறுபடி வெளியே பார்த்தேன். புள்ளி அதே இடத்தில் இருந்தது. அசையாமல் இருந்ததால்தானே அதைக் கறை என்று நம்பினேன்! மோதப்போகும் விமானம் கண்ணாடியில் அசையாது, அசைகிற விமானம் விலகிப் போய்விடும் என்பது பயிற்சியின் முதல் மாதத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம். அதை நானே இரண்டு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வேகம் 250 நாட், அதன் வேகம் 100 நாட் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ எதிரெதிராக வரும்போது ஒரு வினாடிக்கு 180 மீட்டர் நெருங்குகிறோம். அதன் இறக்கை 11 மீட்டர் நீளம், கண்ணாடி என் கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரம். மோதலுக்கு 25 வினாடி இருக்கும்போது அந்த இறக்கை முழுவதும் கண்ணாடியில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தெரியும். 12.5 வினாடி இருக்கும்போது மூன்றரை மில்லிமீட்டர். 6 வினாடியில் 7. மூன்று வினாடியில் 14. மிஞ்சியிருக்கும் நேரம் பாதியாகும்போதெல்லாம் உருவம் இரட்டிக்கிறது; வெகுநேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டு, கடைசியில் ஒரேயடியாக விரிகிறது. 12.5 வினாடி என்பது நான் சும்மா எடுத்த எண் அல்ல. ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று அறிந்து, ஆபத்தை உணர்ந்து, முடிவெடுத்து, கை அசைந்து, விமானமும் அசைவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

தலையை ஒரு சாண் நகர்த்தியிருந்தால் போதும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கறையானால், தலை நகரும்போது பின்னாலிருக்கும் அடிவானத்தைவிட்டு விலகும். வெளியே தொலைவில் இருக்கும் பொருளானால் அடிவானத்தோடேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சாண், ஒரு வினாடி. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

மார்ச் 10, திங்கள்

இன்று பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

மார்ச் 12, புதன்

பழைய விபத்துகளைப் படிக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 1986 ஆகஸ்ட் 31, கலிபோர்னியாவின் செரிட்டோஸ்: ஒரு டிசி-9 பயணிகள் விமானமும் சிறிய பைப்பர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டதில், தரையில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். அந்தப் பைப்பரின் டிரான்ஸ்பாண்டரும் உயரத்தை அனுப்பவில்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் பயணிகள் விமானங்களில் டீகாஸ் கட்டாயம் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சான் டியேகோ. 1978 செப்டம்பர் 25, நல்ல வெளிச்சமான காலை நேரம். அந்த போயிங் 727-இன் விமானிகளுக்கு முன்னால் செஸ்னா என்ற சிறிய விமானம் ஒன்று போகிறது என்று சொல்லப்பட்டது. அவர்கள் அதைக் கண்டார்கள், பிறகு கண்ணிலிருந்து தவறவிட்டார்கள், தங்களைக் கடந்து போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். அது கடந்து போயிருக்கவில்லை. மோதியதில் 144 பேர் இறந்தார்கள். நான்கு பேர் இருந்த காக்பிட் அது. காண்பதும் அறிவதும் ஒன்றல்ல என்று நான் சொன்னால் அது எனக்கு நானே வாதாடுவதுபோல் இருக்கும். இருந்தாலும் அன்றைக்கு அந்த நால்வருக்கும் கண் இல்லையா?

மார்ச் 13, வியாழன்

பணிப்பெண்ணிடம் பேசினேன். மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்களாம். “நீங்க பார்க்கலைன்னா இன்னிக்கு நான் பேசிட்டிருக்க மாட்டேன் சார்” என்றார். பத்து வினாடி முன்னதாக அறிந்திருந்தால் விரலளவு இழுத்திருந்தாலே போதும், அவர் கையிலிருந்த தட்டுகூட ஆடியிருக்காது. அதை அவரிடம் சொல்லவில்லை. கை குணமாகட்டும் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 15, சனி

கேப்டனைப் பார்க்கப் போயிருந்தேன். எங்களுக்கும் அதற்கும் இடையே 100 அடி இருந்திருக்கும் என்று அவர் சொல்கிறார். 200 என்பது என் எண்ணம். உயரத்தை அனுப்பாத விமானம் ரேடாரில் இருக்கும் இடத்தை மட்டுமே காட்டுவதால், எங்கள் இருவர் பேச்சையும் சரிபார்க்க அங்கே எதுவும் இல்லை.

புள்ளியைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எவ்வளவு நேரம் தெரிந்தது?” என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. ஐந்து வினாடியா, இருபதா என்று எனக்கே தெளிவில்லை. காக்பிட் ஒலிப்பதிவைத் தரையிறங்கியவுடன் பாதுகாத்துவிட்டோம். ஆனால் நான் வாய் திறக்காத ஒன்று அதில் எப்படி இருக்கும்?

“அவர்கள் கேட்டு நீங்கள் சொல்வது வேறு, நீங்களாகவே சொல்வது வேறு, தம்பி. இந்த விசாரணை யார்மேல் குற்றம் என்று தேடுவதற்கு நடப்பதல்ல” என்றார். எனக்கும் தெரியும், சர்வதேச விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ?

இன்னொன்றும் இருக்கிறது, அதை அவரிடமும் சொல்லவில்லை. தரையிறங்கி எஞ்சினை அணைத்த பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். உண்மையிலேயே ஒரு பூச்சிக் கறை இருந்தது. நான் நினைத்த இடத்தில் அல்ல, அதற்கு நான்கு விரற்கடை கீழே. நான் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானோ, விமானம் வேறோ, இரண்டையும் என் நினைவு ஒன்றாக்கிவிட்டதோ? அல்லது இந்தக் கறையைக் காரணம் காட்டித் தப்பிக்க மனம் வழி தேடுகிறதோ? துடைக்காமல் விட்டிருந்தால் ஒரு புகைப்படத்தில் தீர்ந்திருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

தூக்கமில்லை.

மார்ச் 17, திங்கள்

விசாரணைக் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. நாளை காலை 10 மணிக்கு மறுபடி வர வேண்டும். கூடவே, வலது இருக்கையிலிருந்து எடுத்த முன்கண்ணாடியின் படம் ஒன்று. சிறிய விமானத்தை முதலில் கண்ட இடத்தை அதில் பேனாவால் குறித்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

படத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இரண்டு புள்ளிகள் வைத்துவிட்டேன், நான்கு விரற்கடை இடைவெளியில். பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.