உள்ளே குடியேறும் குரல்

ஜூன் 3, 2024

கட்டைகளை அடுக்கி விளையாடும் நான்கு வயதுக் குழந்தை ஒன்றை இன்று நெடுநேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். அடுக்கு சரிந்து விழுந்தபோது அது அழவில்லை. "அவசரப்படாதே, பெரிசைக் கீழே வை" என்று தனக்குத்தானே முணுமுணுத்துவிட்டு, மறுபடி அடுக்கத் தொடங்கியது. அந்தச் சொற்களும் அவற்றைச் சொன்ன நிதானமும் அதன் பாட்டியுடையவை. பிறர் நம்மோடு பேசும் பேச்சே முதலில் இப்படி வாய்விட்ட முணுமுணுப்பாகி, பின்னர் ஓசையடங்கிச் சிந்தனையாகிறது என்றார் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934). வயது ஏற ஏற அந்த முணுமுணுப்பு மறைந்துபோகும் என்று கருதிய சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜேயைவிட, அது உள்ளே போகிறது என்று கண்ட வைகாட்ஸ்கியே எனக்குச் சரியாகப் படுகிறார். கற்றல், சிந்தனை, சூழல் என்று நாம் பிரித்துப் பேசும் மூன்றும் அந்தக் குழந்தையின் உதட்டசைவில் பிரியாமல் இருந்தன.

ஜூன் 5

பாராட்டும் அவ்வாறே உள்ளே போய்த் தங்குகிறது. கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை அறிவுக்காகவும் வேறு சிலரை முயற்சிக்காகவும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்களில் தடுமாறியபோது, அறிவுக்காகப் புகழப்பட்டவர்களே கூடுதலாக ஊக்கம் இழந்தார்கள். ஒரு வாக்கியத்துக்கே இவ்வளவு வலிமையென்றால், "உனக்கு இது வராது" என்பதையே ஆண்டுக்கணக்கில் கேட்டு வளரும் பிள்ளையை எண்ணி மனம் கலங்குகிறது.

ஜூன் 8

பிறப்போடு வரும் மரபணுக்களின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆளுமை வேறுபாடுகளில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காட்டை இரட்டையர் ஆய்வுகள் மரபணுக்களோடு இணைக்கின்றன. ஆனால் இது மக்களிடையே காணும் வேறுபாட்டின் கணக்கு. தனி ஒருவரின் குணத்தில் பாதி பிறவியிலேயே வந்தது என்று கொள்வது பிழை. ஒரே வீட்டில் வளர்வதால் மட்டும் உடன்பிறந்தோர் ஒத்த குணம் பெறுவதில்லை என்பதையும் அதே ஆய்வுகள் காட்டுகின்றன. மூத்தவளைத் தாங்கிய வீடும், அவளோடு ஒப்பிட்டே இளையவனைப் பேசிய வீடும் முகவரியில் மட்டுமே ஒன்று.

ஜூன் 11

ருமேனியக் குழந்தைகளைப் பற்றி இன்று படித்தேன். 2000ஆம் ஆண்டளவில் அந்நாட்டுத் தலைநகர் புக்காரெஸ்டில் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். காப்பகத்தில் உணவும் படுக்கையும் இருந்தன. முறை மாற்றி வந்துபோகும் பணியாளர்களுக்கு நடுவே, அழுதால் திரும்பிப் பார்த்துப் பேசுவதற்கு நிலையான ஒருவர்தான் இல்லை. குடும்பத்துக்குள் வந்தவர்கள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரை நம்பிப் பற்றிக்கொள்வதிலும் தேறினார்கள். சுமார் இரண்டு வயதுக்கு முன்னரே வந்தவர்கள் மேலும் நன்றாகத் தேறினார்கள்.