முழு ஊரடங்கில் மணிக்கு வந்த உண்ணிக் காய்ச்சல்

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியதும் நாய் வளர்ப்பவர்களிடம் தெருவே கேட்ட கேள்வி, "நாய்கிட்ட இருந்து கொரோனா வருமாமே?" என்பதுதான். ஹாங்காங்கில் ஒரு பொமரேனியனுக்குச் சோதனையில் லேசாகத் தொற்று தெரிந்தது என்ற செய்தி, வாட்ஸ்அப்பில் சுற்றிப் பெரம்பூர் வந்து சேர்வதற்குள் "நாய்தான் பரப்புகிறது" என்று மாறியிருந்தது. வளர்த்தவரிடமிருந்துதான் அந்த நாய்க்குத் தொற்று போயிருந்தது என்பதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. எங்கள் நாய் மணிக்குக் கொரோனா வரவில்லை. வந்தது உண்ணிக் காய்ச்சல், அதுவும் சென்னை முழுசாகப் பூட்டிக் கிடந்த ஜூன் மாதக் கடைசியில்.

மணி நாட்டு நாய். தெருவில் கிடந்த குட்டியை அம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தார். "நாட்டு நாய்க்கு ஒண்ணும் வராது, ஜாதி நாய்க்குத்தான் எல்லா நோயும்" என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. உண்ணிக்கு ஜாதி பார்க்கத் தெரியாது.

ஊரடங்கின் முதல் இரண்டு மாதம் சாப்பாட்டுக்குப் பெரிய சிரமம் இல்லை. கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற புரளியில் அடிமாட்டு விலைக்குப் போன கறி, பிறகு எகிறியது. எங்களுக்குச் சோறும் முட்டையும் போதுமாக இருந்தது. நாய்க்குச் சமைக்கும்போது வெங்காயம் மட்டும் சேர்க்கக் கூடாது. நடைதான் பெரும்பாடு. வெளியே போனால்தான் ஒன்றுக்குப் போவான், மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தெருமுனை மண்ணை ஒரு பழைய டப்பில் அள்ளிவந்து மாடியில் வைத்த பிறகுதான் வழிக்கு வந்தான்.

பிரச்சினை வேறு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. மாதாமாதம் பிடரியில் விடும் உண்ணிச் சொட்டு மருந்து, நாங்கள் வாங்கும் கடை மூடியதால் கிடைக்கவில்லை. கால்நடை மருந்துக்கும் தீவனத்துக்கும் விலக்கு இருந்தது உண்மை. ஆனால் விலக்கு காகிதத்தில் இருந்தது, கடைக்காரர் சொந்த ஊரில் இருந்தார். சென்னையின் ஏப்ரல், மே வெயில் உண்ணிக்குக் கொண்டாட்டம். இந்த உண்ணி நாயின் மேலேயே வாழ்நாளைக் கழிப்பதில்லை. குஞ்சாக ஒரு முறை, வளர்ந்துவரும்போது ஒரு முறை, பெரிதான பிறகு ஒரு முறை என்று ரத்தம் குடித்துக் குடித்துக் கீழே விழுந்து சுவர் விரிசலில் ஒளிந்துகொள்ளும். கடைசியாக விழும் பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் மேல் பத்து தெரிகிறது என்றால் வீட்டுக்குள் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு. அந்த வாரத்தில் மணி தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டினான். மாநகராட்சியிலிருந்து வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்க வரும் பெண் அன்றைக்கும் வாசலில் நின்று, "யாருக்காவது காய்ச்சல் இருக்காம்மா?" என்று கேட்க, அம்மா யோசிக்காமல், "இருக்கு, மணிக்கு" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் நோட்டைத் திறந்து வயசு கேட்டார். மணி யாரென்று விளக்கி முடிப்பதற்குள் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துவிட்டன.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா வீடியோ காலில் வந்தார். அவர் என்னைச் செய்யச் சொன்னவற்றை நாய் வளர்க்கும் யாரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. டிஜிட்டல் தெர்மாமீட்டரில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை சாதாரணம், மணிக்கு 104-ஐத் தாண்டியிருந்தது. அடுத்து உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டச் சொன்னார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டுமாம், இவனுக்கு நேரமானது. கடைசியில் புரட்டிப் போட்டு வயிற்றைக் காட்டினேன். முடி குறைவான இடத்தில் ஊசி குத்தியது மாதிரி சிவப்புப் புள்ளிகள். அதைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "பிளேட்லெட் இறங்கியிருக்கும், இன்னைக்கே ரத்தம் பார்க்கணும். மனுஷங்க காய்ச்சல் மாத்திரை எதுவும் குடுத்துடாதீங்க" என்றார்.

எப்படிப் போவது? வடசென்னைக்காரர்களுக்கு நாய்க்கு ஒன்று என்றால் முதலில் வாயில் வருவது வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி. அம்மாவும் அதைத்தான் சொன்னார். டாக்டரம்மா, தன் கிளினிக்கையே அவசரத்துக்குத் திறந்து வைத்திருப்பதாகவும், அது கீழ்ப்பாக்கத்தில்தானே என்றும் சொன்னார். கடைக்கே நடந்துதான் போக வேண்டும், அதுவும் இரண்டு கிலோமீட்டருக்குள் என்று இருந்த நேரம். பக்கத்துவீட்டு அண்ணன் ஆட்டோ ஓட்டுபவர், வண்டி மார்ச்சிலிருந்து பெரும்பாலும் தார்ப்பாய்க்குள்தான். அவரே வந்து, "ஆஸ்பத்திரிக்குன்னா விடுவாங்க, ஏறும்மா" என்றார். டாக்டரம்மா சீட்டில் எழுதி அனுப்பிய படத்தை போனில் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஓட்டேரி தாண்டித் தடுப்பு. "எங்கம்மா போறீங்க?" என்று கேட்ட போலீஸ்காரர், மடியில் தலை வைத்துக் கிடந்த மணியைப் பார்த்துவிட்டு போனில் சீட்டைப் படித்தார். "உண்ணிக் காய்ச்சலா? எங்க வீட்டு நாயும் அதுலதான் போச்சு. சீக்கிரம் போங்க" என்று தடுப்பை நகர்த்தினார். போகிற நேரத்தில் அந்த முதல் வாக்கியம் தேவையில்லைதான்.

கிளினிக்கில் நாயோடு யாரும் உள்ளே போக முடியாது. கேட்டில் நின்று கயிற்றைக் கொடுக்க வேண்டும். முகக்கவசமும் கண்ணாடியும் போட்ட உதவியாளரைப் பார்த்து, எழுந்து நிற்கவே தெம்பில்லாத மணி உறுமினான். நாய்கள் நம் முகத்தைப் படித்தே பழகியவை. பாதி முகம் மறைந்தால் அவற்றுக்கு அன்னியர் மாதிரிதான். வெளியே நின்று அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், குரல் கேட்டு அடங்கினான்.

இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் 40,000 அளவில் இருந்தது. எர்லிக்கியா. உண்ணி கடிக்கும்போது ரத்தத்துக்குள் போய் வெள்ளணுக்களில் தங்கும் பாக்டீரியா. குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம், நடுவில் தேறிவிட்டாலும் நிறுத்தக் கூடாது என்றார்கள். மாத்திரை மனிதர்களுக்கான மெடிக்கலிலேயே கிடைத்தது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும் என்பதால் சாப்பாட்டோடுதான் தர வேண்டும். அங்கேதான் சிக்கல். மணி நோயில் தொட்ட ஒரே சாப்பாடு தயிர்சாதம், ஆனால் பாலும் தயிரும் அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேர விடாது. மாத்திரை வேளைக்கு முட்டைக்குள் பொதிந்து கொடுத்து, தயிர்சாதத்தை மதியத்துக்கு ஒதுக்கினோம். டெங்கு நினைவில் தெருவே பப்பாளி இலைச்சாறு சிபாரிசு செய்தது. கேட்டேன். டாக்டரம்மா, மருந்துக்குப் பதிலாக அது வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவனாகவே எழுந்து தண்ணீர் குடித்தான். அதற்குப் பிறகு வேலை முழுக்க வீட்டில்தான். சுவர் விரிசல்களை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தோம், அவன் படுக்கும் சாக்குகளை வெந்நீரில் அலசினோம், கட்டிலடி, கதவு மூலை என்று தினமும் பெருக்கினோம். நாய் மேல் இருந்ததை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து எடுத்து சோப்புத் தண்ணீரில் போட்டேன். நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் நாய்க்குத்தான் கேடு. கையால் நசுக்குவதும் வேண்டாம். சொட்டு மருந்து கிடைத்ததும் முதல் காரியமாக வாங்கி வைத்தேன். நான்கு வாரம் முடிந்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை சரியாக இருந்தது.

தள்ளிப்போயிருந்த வருடாந்திரத் தடுப்பூசி மட்டும் பாக்கி. செப்டம்பரில் ஊரடங்குக் கெடுபிடி தளர்ந்த பிறகு கூட்டிப்போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர், சீட்டில் எழுதியிருந்த நோய்ப் பட்டியலில் "கொரோனா" என்பதைப் பார்த்துவிட்டார். "நாய்க்கே ஊசி வந்துடுச்சா? நமக்கு எப்போங்க?" என்று கேட்டார். அது நாய்க்கு வயிற்றுப்போக்கு தரும் வேறொரு கொரோனா, ரொம்ப வருஷமாகவே இருக்கிற ஊசி என்று உதவியாளர் விளக்கினார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மணிக்கு ஊசி போட்டு முடியும்வரை மருந்துக் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.