"நிறுத்தினால் என்ன ஆகும்?"

எனக்கு 74 வயது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், மாவு ஆட்டி முடித்துக் கிரைண்டரிலிருந்து குழவிக்கல்லைத் தூக்கினேன். நடு முதுகில் சுரீர் என்றது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இரண்டு வாரம் ஓட்டினேன். தும்மினால் உயிர் போய்த் திரும்பியது. மகள் பெங்களூரிலிருந்து வந்து எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நொறுங்கி, ஆப்பு மாதிரி சப்பையாகி இருந்தது.

யோசித்துப் பார்த்தால், அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே என் புடவைக் கொசுவம் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. பூஜை அலமாரியின் மேல்தட்டு எட்டவில்லை. வயதானால் கொஞ்சம் கூனத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

நம் ஊரில் முட்டிவலிக்கும் இதற்கும் ஒரே பேர்தான்: எலும்புத் தேய்மானம். முட்டியில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு. எனக்கு வந்தது எலும்பே உள்ளுக்குள் அடர்த்தி குறைந்து போகிற ஆஸ்டியோபோரோசிஸ். இரண்டும் வேறு, வைத்தியமும் வேறு. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் என் முதுகெலும்பின் டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு, −3.6. −2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இந்த நோய்தான்; அதோடு எலும்பும் முறிந்திருந்தால் கடுமையானது என்று கணக்கு.

முதலில் போன இடத்தில் வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லவில்லை. நான் காலைக் காபியோடு விழுங்கிவிட்டுச் சற்றுச் சாய்ந்துகொள்வேன். நெஞ்செரிச்சல் தாங்க முடியவில்லை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு போட வேண்டும், அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கவும் கூடாது என்பது பின்னால்தான் தெரிந்தது. காபியோடு போட்டால் மருந்து பாதிகூட உடம்பில் சேராதாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்.

அப்புறம் ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் போனோம். கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம், தைராய்டு, பாராதைராய்டு என்று ரத்தப் பரிசோதனைகள். வைட்டமின் டி குறைவு. அதை முதலில் சரிசெய்தார். பிறகு பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். இருக்கிற எலும்பு கரையாமல் காக்கிற மருந்துகள் ஒரு வகை. அதில் வருடம் ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி உண்டு. புது எலும்பைக் கட்டுகிற மருந்து இன்னொரு வகை. அதில் டெரிபாரடைட், தினமும் ஊசி.

மகளுக்கு ஆறு மாத ஊசிதான் பிடித்திருந்தது. "வருஷத்துக்கு ரெண்டே தடவைம்மா" என்றாள். நான் டாக்டரிடம், "நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அந்த ஊசியின் பலன் நிறுத்தியதும் சீக்கிரம் போய்விடும், ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள்கூட நொறுங்கலாம், அதனால் தேதி தள்ளக் கூடாது, நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு உடனே மாற வேண்டும் என்றார். ஸ்ரீரங்கத்தில் நானும் 80 வயது வீட்டுக்காரரும் மட்டும். எங்களில் ஒருவர் படுத்துவிட்டால் அந்தத் தேதியை யார் ஞாபகம் வைப்பார்கள்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தினசரி ஊசிக்கும் நிபந்தனை உண்டு. பொதுவாக இரண்டு வருடம்தான் போடுவார்கள். முடிந்ததும் காக்கிற மருந்தைத் தொடங்காவிட்டால் கட்டிய எலும்பு கரைந்துவிடும். எலும்பில் படும்படி ரேடியேஷன் சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கூடாது. விலையும் மாதத்துக்குப் பல ஆயிரம், பென்ஷனில் பெரிய துண்டு விழும். ஆனாலும் எலும்பு ஏற்கெனவே நொறுங்கியவளுக்கு முதலில் கட்டி, பிறகு காப்பதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னது மனதில் நின்றது. சரி, இதுதான் என்று முடிவெடுத்தோம்.

பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியில் தினம் 20 மைக்ரோகிராம். முதல் நாள் வீட்டுக்காரர் பூதக்கண்ணாடி வைத்து எழுத்தைப் படிக்க, நான் வயிற்றுச் சதையைப் பிடித்துக்கொண்டு குத்தினேன். எறும்புக் கடிதான். ஆனால் எழுந்ததும் தலை சுற்றியது. அதிலிருந்து இரவில் கட்டிலில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொண்டேன். பேனாவை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறைந்தால் வீண். பேத்தி வளைகாப்புக்குப் போனபோது ஐஸ் நேரடியாகப் படாமல் துண்டில் சுற்றி எடுத்துப் போனோம்.

இரண்டு வருடம் முடிந்தபோது டி-ஸ்கோர் −3.0. புதிதாக எந்த எலும்பும் முறியவில்லை. அடுத்து காக்கிற மருந்தாகச் சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன் பல் டாக்டரிடம் போய்ச் சொத்தைக் கடைவாய்ப்பல்லை எடுத்து, புண் ஆறவிட்டேன். இந்தக் காக்கிற வகை மருந்துகளால் அபூர்வமாகத் தாடை எலும்பு கெடலாம் என்பதால் பல் வேலையை முன்பே முடிக்கச் சொன்னார்கள். டிரிப்ஸ் ஏற்றிய அன்று ராத்திரி காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. பாராசிட்டமால் போட்டுப் படுத்தேன், மறுநாள் சாயங்காலம் இறங்கிவிட்டது. அடுத்தது அடுத்த வருடம் தை மாதம்.

பழைய கிரைண்டரைக் கொடுத்துவிட்டு, அப்படியே சாய்த்து மாவு எடுக்கிற டில்டிங் கிரைண்டர் வாங்கியிருக்கிறோம். குழவியைத் தூக்க வேண்டியதில்லை.