டபுள் சைடு டேப்பின் மிச்சப் பசையைக் காரிலிருந்து எடுப்பது எப்படி

கதவோர மோல்டிங், ரெயின் வைசர், பெயர்ப் பட்டை எதைக் கழற்றினாலும் பின்னால் கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ ஒரு பட்டை மிஞ்சும். ஸ்டிக்கர் பசை வேறு, இது வேறு. நடுவில் அக்ரிலிக் ஃபோம், அதன் இரண்டு முகத்திலும் பசை என்று செய்த டேப்பின் பாதிதான் அங்கே நிற்கிறது. ஃபோம் இருக்கும்வரை எந்தத் திரவமும் அடியில் உள்ள பசைக்குப் போய்ச் சேராது. அதனால் முதல் வேலை ஃபோமை எடுப்பது, அடுத்த வேலைதான் பசை. இரண்டையும் தின்னர் நனைத்த துணியால் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்கும்போதுதான் பெயின்ட் போகிறது.

முதலில் ஷாம்பூ போட்டு அந்த இடத்தைக் கழுவித் துடையுங்கள். டேப்பின் ஓரத்தில் நுண்மணல் ஒட்டியிருக்கும். கழுவாமல் தேய்த்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும். பிறகு ஹேர் டிரையரை நான்கைந்து அங்குலம் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் அசைத்தபடி ஒன்றிரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள். கை வைத்தால் சில நொடிகளே தாங்கும் சூடு போதும், ஏறக்குறைய 60 டிகிரி. ஹீட் கன் வேண்டாம் என்பது என் கட்சி. அதன் காற்று 300 டிகிரியைத் தாண்டும். மோல்டிங் போன்ற கார் பாகங்களில் வரும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் 100 டிகிரி வாக்கிலேயே இளகி வளைந்துவிடும்.

சூடு ஆறுவதற்குள் ஒரு முனையை நகத்தால் கிளப்பி, பரப்போடு ஒட்டினாற்போல் படுக்கைவாட்டில் மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஃபோம் நடுவில் கிழிந்து, மெல்லிய தோலாக நின்றுவிடும். அந்தத் தோலைக் கட்டைவிரலால் ஒரே திசையில் உருட்டினால் அழிரப்பர் தூள் போலத் திரண்டு வரும். விரல் வலிக்கும்தான். ஆனால் இதைவிடப் பத்திரமான கருவி கிடையாது. வராத இடத்துக்குப் பிளாஸ்டிக் பிளேடு. இரும்பு பிளேடு கண்ணாடிக்கு மட்டும்.

இனி மிஞ்சிய பிசுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எல்லோரும் சொல்வார்கள். புதிய ஸ்டிக்கர் பசைக்கு அது சரி. வெயிலில் பல வருடம் வெந்த அக்ரிலிக் பசையிடம் அதன் பாச்சா பலிக்காது. அதற்கு மினரல் டர்பன்டைன், மண்ணெண்ணெய், அல்லது ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த பசை நீக்கி வேண்டும். நனைத்த துணியைப் பசைமேல் ஒட்டிப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி, 5 நிமிடம் விடுங்கள். பசை ஊறி உப்பி, பரப்பை விட்டுப் பிடி தளரும். அப்போது வழித்தால் வந்துவிடும். அரை நிமிடத்தில் தேய்க்கத் தொடங்கினால் பசை கரையாமல் பரவி, இரண்டு விரல் அகலப் பட்டை நான்கு விரல் அகலமாகும். துணியின் முகத்தை அடிக்கடி மாற்றுங்கள். இல்லாவிட்டால் எடுத்ததையே திரும்பப் பூசுகிறீர்கள்.

எந்தத் திரவமானாலும் கண்ணுக்குப் படாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். அசிட்டோனும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டுக்கான தின்னரும் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும், ரீபெயின்ட் செய்த பரப்பைச் சுருக்கும். குரோம் பட்டை என்பதும் பெரும்பாலும் ஏபிஎஸ் மேல் முலாம்தான். ஹெட்லைட் கண்ணாடி உண்மையில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கடுமையான கரைப்பான் பட்டால் உள்ளே மயிரிழை விரிசல் விழும். கதவு, ஜன்னல் ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங்கில் மண்ணெண்ணெயை ஊறவிடக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். அதன்மேல் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

உண்மையான தலைவலி, பம்பர் ஓரத்திலும் வீல் வளைவிலும் வரும் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக். பெயின்ட் இல்லை, பசை அதன் நுண்குழிகளில் இறங்கி வெள்ளையாகத் தெரியும். இங்கே பிளேடே கூடாது. சொரசொரப்பு ஒருமுறை மழுங்கினால் அந்த இடம் பளபளத்துக்கொண்டே இருக்கும், திரும்ப வராது. பசை நீக்கியைத் தடவி ஊறவிட்டு, மெத்தென்ற டூத் பிரஷ்ஷால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, அது காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுங்கள். மூன்று நான்கு சுற்று ஆகும்.

டிரில்லில் மாட்டும் ரப்பர் வீல் பெயின்ட் அடித்த தகட்டில் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். வீலில் அச்சிட்ட வேகத்தைத் தாண்டாமல், ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்ட வேண்டும். பெயின்ட்டுக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் 50 மைக்ரான் அளவுதான், சூடேறினால் கருகும். பிளாஸ்டிக்கில் இந்த வீலை வைக்கவே வேண்டாம், உருகிவிடும்.

எல்லாம் முடிந்தும் மோல்டிங்கின் வடிவம் நிழலாகத் தெரிந்தால் நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் தட்டினால் பசை மிச்சம். வழுக்கினால் அது நிற வித்தியாசம்: மோல்டிங்குக்கு அடியில் இருந்த பெயின்ட் புதிதாகவே இருக்கிறது, சுற்றியுள்ளது வெளுத்துவிட்டது. பாலிஷ் போட வேண்டியது சுற்றுப் பகுதிக்கு.

அதே இடத்தில் மோல்டிங்கைத் திரும்ப ஒட்டுவதாக இருந்தால், சோப்பு நீரால் எண்ணெயைக் கழுவி, ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். மெழுகு போடக் கூடாது. ஒட்டிய டேப் முழுப் பிடிக்கு வர 72 மணி நேரம் எடுக்கும்; அதுவரை பிரஷர் வாஷ் பக்கம் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.