மனைப்பிரிவில் ஒதுக்கிய பூங்கா இடத்தை மாநகராட்சி பெயருக்கு மாற்றியது எப்படி

"மேற்படி இடம் மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்படவில்லை" என்ற ஒற்றை வரியோடு பூங்கா கேட்கும் மனுக்கள் பெரும்பாலும் முடிந்துபோகின்றன. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் அதே பதில்தான் வந்தது. பூங்கா கேட்பதை நிறுத்திவிட்டு, இடம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. வேலியும் ஊஞ்சலும் பிறகு வரட்டும், முதலில் பட்டா.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் கிரயப் பத்திரம். சொத்து விவரத்தில் மனைப்பிரிவின் அங்கீகார எண் இருக்கும். சென்னைப் பெருநகரப் பகுதியென்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எண், மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) எண். அந்த எண்ணை வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேள்விகளை அடுக்காமல் ஆவணமாகவே கேளுங்கள்: அங்கீகரித்த வரைபடம், அனுமதிக் கடிதம் நிபந்தனைகளோடு, மனை போட்டவர் பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப்பத்திரத்தின் நகல், பின்னாளில் திருத்திய வரைபடம் ஏதும் அனுமதிக்கப்பட்டிருந்தால் அதன் நகல். இந்தக் கடைசி ஆவணத்தை விட்டுவிடாதீர்கள். முதல் வரைபடத்தில் பூங்காவாக இருந்த இடம் திருத்திய வரைபடத்தில் வேறு மூலைக்குப் போயிருக்கலாம்.

பெரிய வரைபடத்தைச் சின்னத் தாளில் நகலெடுத்துக் கொடுத்தால் அளவுகள் படிக்கவே முடியாது. அதனால் கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் அதே மனுவில் கேட்டுவிடுவது நல்லது. சட்டம் அதற்கு இடம் தருகிறது. பார்க்கும்போது இடத்தின் நான்கு பக்க அளவையும் பழைய சர்வே எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அதில் 'பூங்கா' என்று போட்டிருக்கிறதா, 'பொது உபயோகம்' என்றா, 'பள்ளிக்கு' அல்லது 'கடைக்கு' என்றா என்பதும் முக்கியம். கடைக்கு ஒதுக்கிய மனையை அதன் உரிமையாளர் விற்கலாம், அதில் நமக்கு வழக்கே இல்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 விழுக்காடு நிலத்தைத் தானமாக எழுதித்தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். அப்படிப் பணம் கட்டிய மனைப்பிரிவில் பூங்கா இடத்தைத் தேடிப் பயனில்லை.

சிக்கல் பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். சர்வே எண்ணுக்கு வில்லங்கம் (அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று) போட்டுப் பாருங்கள். தானப்பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பதிவாகியும் பட்டா மாறாமல் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே கிடப்பது சர்வ சாதாரணம். ஊராட்சியாக இருந்தபோது அங்கீகரித்து, பிறகு மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளில் இது அதிகம். கோப்பு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலேயே தங்கிவிடும். நகர நில அளவை முடிந்த ஊர்களில் பழைய சர்வே எண் போய் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று மாறியிருக்கும். பழைய எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் சமீபத்திய விற்பனை கண்ணில் படாமல் போகலாம். இரண்டு எண்களுக்கும் போட வேண்டும். பட்டாவில் உட்பிரிவு புதிதாக முளைத்திருந்தால் யாரோ அந்த இடத்தை மனையாக விற்கத் தயாராகிறார்கள் என்று வைத்துக்கொண்டு அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

பட்டா மாற்றத்துக்குச் சங்கம் மனுச் செய்தால் வட்டாட்சியர் அலுவலகம் ஏற்காது, நாம் உரிமையாளர் இல்லை. மாநகராட்சி ஆணையர்தான் வட்டாட்சியருக்கு எழுத வேண்டும். நாங்கள் ஆணையரிடம் கொடுத்த மனுவில் வைத்த ஒரே கோரிக்கை அந்தக் கடிதம்தான். கூடவே வரைபடம், தானப்பத்திரம், வில்லங்கம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றைப் பக்க எண் போட்டு இணைத்தோம். தனியார் பெயரில் ஏற்கெனவே பட்டா ஆகியிருந்தால் 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கடுத்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு.

தானப்பத்திரமே எழுதவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். வரைபடத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தை அதன் உரிமையாளர் பொதுநலனுக்கான பொறுப்பாளராகத்தான் வைத்திருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் சேத் ராம் வசிஷ்ட் வழக்கில் சொல்லியிருக்கிறது. பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் ஏற்க மறுத்தது. இந்த இரண்டையும் மனுவில் குறிப்பிட்டால் மாநகராட்சியின் சட்டப் பிரிவு அலுவலகத்தின் கருத்துரை சீக்கிரம் கிடைக்கிறது.

அடுத்தது மாமன்றம், அதாவது கவுன்சிலர்கள் கூடும் மாநகராட்சி மன்றம். அங்கே பொதுமக்கள் பேச முடியாது. கவுன்சிலர் எழுந்து பேசினால் மட்டும் தீர்மானம் ஆகிவிடாது, அலுவலகக் குறிப்போடு அது கூட்டப் பொருளாக வர வேண்டும். நாம் பேசக்கூடிய இடம் பகுதி சபா, வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம். ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களில் கூட்டப்பட வேண்டியது அது. வாயால் சொல்லிவிட்டு வந்தால் அங்கேயே நின்றுவிடும். மனுவாகக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள். மாமன்றக் கூட்டப் பொருள்களையும் மாதாமாதம் வாங்கிப் படியுங்கள். நில உபயோக மாற்றத்துக்கு உள்ளாட்சியின் தீர்மானம் கேட்கப்படுவதால், உங்கள் சர்வே எண் அதில் ஓசைப்படாமல் வந்துபோக வாய்ப்பு உண்டு.

பூங்கா அமைக்கும் பணத்துக்கு, அரசும் மக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு. 15 லட்சம் மதிப்பீடு என்றால் 5 லட்சம். வார்டு உதவிப் பொறியாளரின் மதிப்பீடு கையில் வராமல் வசூலைத் தொடங்காதீர்கள். தொகை மாறினால் கொடுத்தவர்களிடம் மறுபடி போய் நிற்க நேரும். மதிப்பீட்டில் சுற்றுச்சுவர், நடைபாதை, விளையாட்டுச் சாதனங்கள் எல்லாம் தானாக வந்துவிடும், ஆழ்துளைக் கிணறும் மோட்டாருக்கான மின் இணைப்பும்தான் விடுபடும். தண்ணீர் இல்லாமல் நட்ட செடி முதல் கோடையைத் தாண்டாது. ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு இவற்றைச் சேர்ப்பது மிகவும் கடினம், ஆகவே மதிப்பீடு போடும் நாளிலேயே பொறியாளரோடு இடத்தில் நின்று எழுத வைத்துவிடுங்கள்.